முப்பத்தொன்பதாவது கட்டை

ஆர்மோனியம் பழுதுபார்ப்பவர்கள் சங்கத்தின் காரியதரிசி போன மாதம் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். ஆண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். "ஒரு கட்டையைக்கூட ஊமையா வெளிய அனுப்பாதவர்னு உங்க பேர் இருக்குதுங்களே, அதையே எழுதுங்க. புதுசா வர்றவங்களுக்குப் பிரயோசனமா இருக்கும்" என்றார். அவர் போன பிறகு எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. சர்க்கரை மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டேனோ என்று அட்டையை எடுத்து எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. சரியில்லாதது வேறு.

நான் கோயமுத்தூரில் ஒரே கடையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தேன். பழுது பார்த்த பெட்டிகள் நாலாயிரத்துச் சொச்சம். மிஷன் பள்ளியில் பதினோராவது வரை படித்ததால் கடைக் குறிப்பேடும் என் கையில்தான் இருந்தது. சொச்சம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. கடைசி நோட்டைக் கரையான் அரித்துவிட்டது, அதனால் சரியான எண்ணிக்கை இல்லை. வேலை பழகிய நாலு வருடத்தில் சொல்ல ஒன்றுமில்லை. முதல் வருடம் துருத்தித் துணி ஒட்டினேன். மற்ற மூன்றும் ரீடு சுரண்டினேன். பித்தளை நாக்கின் நுனியில் சுரண்டினால் சுதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். மூன்று வருடமும் இந்த ஒரே வாக்கியம்தான்.

முதலாளி எத்திராஜுலு நாயுடுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒரு பெட்டி வேலை முடிந்தால் அதன் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, இடது கோடியிலிருந்து சுண்டு விரலால் ஒவ்வொரு கட்டையாக அழுத்துவார். ஒரு கட்டைக்கு ஒரு மூச்சு. முப்பத்தொன்பது கட்டைக்கு முப்பத்தொன்பது மூச்சு. நடுவில் யாராவது பேசினால் முதலிலிருந்து தொடங்குவார். குறை இருந்தால் என்னவென்று சொல்ல மாட்டார். எழுந்து போய் ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, வேலை செய்தவனுடைய பலகையின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டுக் கல்லாவுக்குப் போய்விடுவார். எங்கே குறை என்று நாமே தேடிக் கண்டுபிடித்துச் சரி செய்து, பொட்டையும் நாமே துடைக்க வேண்டும். என் பலகையில் முதல் ஆறு வருடத்தில் இருபத்திரண்டு பொட்டு. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. இதை நான் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சித்திரை மாதம், கொடுமுடியிலிருந்து நாச்சிமுத்து என்பவர் தன் பெட்டியைக் கொண்டுவந்தார். வயது ஐம்பத்தைந்து. பஜனைக்கும் விசேஷங்களுக்கும் வாசிக்கிறவர், அதைத் தவிர வேறு தொழில் கிடையாது. ரயிலில் முழுக்க மடியிலேயே வைத்து வந்ததாகச் சொன்னார். சலவை வேட்டியில் சுற்றியிருந்த பெட்டியைத் தரையில் வைக்கச் சம்மதிக்கவில்லை, என் பலகைமேல் இடம் ஒதுக்கச் சொன்னார். கூட அவர் மகள் தெய்வானை வந்திருந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும்.

துருத்தி ஒழுகுகிறது, எட்டு ரீடு சுதி விலகிவிட்டது, நாலு கட்டை சிக்குகிறது. குறைகளைச் சொல்லிவிட்டு, "வாசிச்சே காட்டிப்போடறனுங்க" என்று ஒரு பாட்டின் நாலு வரி வாசித்தார். ஒவ்வொரு வரியின் முடிவிலும் அவருடைய வலது கை நீண்டு, கடைசிக் கட்டையைச் சுண்டு விரலால் அழுத்தியது. சத்தம் வரவில்லை. ஒரு தட்டு நேரம் வெறுமையாகப் போகும், பிறகு அடுத்த வரி. நாலு வரிக்கு நாலு தடவை. அந்த வெறுமையில் அவர் பக்கத்தில் யாரையோ பார்ப்பதுபோல் தலையை லேசாகச் சாய்த்தார். மகளும் அதே நேரத்தில் தலையைச் சாய்த்தாள்.

"கடைசிக் கட்டை ஊமைங்களே, அதைச் சொல்லலையே" என்றேன்.

"அதுக்குத்தானுங்க மேஸ்திரி நேர்ல வந்தேன். அதைத் தொடப்படாது. அது எங்கக்கா கட்டைங்க."

முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். நாச்சிமுத்து அவரிடமே சொன்னார்.

"பாவாயின்னு பேருங்க. எங்கப்பா இந்தப் பொட்டிய வாசிக்கையில வலது பக்கமா ஒட்டி உக்காந்துக்குவா. வரி முடியறப்ப கடைசிக் கட்டைய அவதான் அமுக்கோணும். வேற ஆரு அமுக்குனாலும் அழுதுபோடுவா. ஒம்பது வயசுல காய்ச்சல் வந்து மூணு நாள்ல போயிட்டாளுங்க. எனக்கு அப்ப ஏழு. பதினாறாம் நாளு காரியம் முடிஞ்சு அப்பா பொட்டியத் தொறக்கறாரு, மத்ததெல்லாம் பேசுது, அது மட்டும் பேசலை. அன்னைல இருந்து அவ பொட்டிக்குள்ளதானுங்க இருக்கறா. எங்கூட்டுக் கன்னி அவ. தைப்பொங்கலுக்குப் பொட்டி முன்னாலதான் பாவாடை வளையல் வெச்சுக் கும்பிடறது. அந்தக் கட்டைச் சத்தம் நமக்குக் கேக்காதுங்க. அவ வாசிக்கறது அவளுக்குக் கேக்கும்."

கல்யாணமாகாமல் இறந்த பெண்ணைக் கன்னியாகக் கும்பிடுவது எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. நாங்கள் மூன்று தலைமுறையாக மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். எனக்கு அது ஒட்டவில்லை. ஆனால் நான் செய்த காரியத்துக்கு என் மதத்தைக் காரணம் சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். முதலாளி ஒன்றும் கேட்காமல் ஒரு அட்டைத் துண்டில் தன் கையால் எழுதினார்: 'கடைசிக் கட்டை, தொடக் கூடாது.' அதைத் துருத்தியின் கொக்கியில் நூலால் கட்டினார். "சகாயம், படிச்சுக்கிட்டியா?" என்றார். "படிச்சுக்கிட்டனுங்க" என்றேன்.

பத்து நாள் கெடு. ஒன்பது நாளில் முடித்துவிட்டேன். துருத்திக்குப் புதுத் தோல், எட்டு ரீட்டுக்குச் சுதி, கட்டைகளுக்கு அடியில் பூச்சி தின்ற கம்பளித் துணியை எடுத்துவிட்டுப் புதுசு. அன்றைக்கு முதலாளி பொள்ளாச்சியில் மகள் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார், இரண்டு நாள் கழித்துத்தான் வருவார். அதனால் அவர் செய்கிற சோதனையை நானே செய்தேன். கண்ணை மூடி, ஒரு கட்டைக்கு ஒரு மூச்சு. முப்பத்தெட்டு வரை வந்தேன். விரல் முப்பத்தொன்பதுக்குப் போனது. காற்று மட்டும் உள்ளே எங்கோ முட்டி நின்றது.

அப்படியே மூடிவைத்திருக்கலாம். கட்டையை அழுத்தினால் காற்று முட்டுகிறது என்றால், ரீடு செத்துப்போகவில்லை, வழியில் ஏதோ அடைத்திருக்கிறது என்று பொருள். அது என்ன என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டு மேல் பலகையைக் கழற்றினேன். கடைசிக் கட்டையின் அடியில், காற்று போகும் துளையின்மேல், ஒரு துணி மடித்து வைத்து வஜ்ஜிரம் போட்டு ஒட்டியிருந்தது. நுனிக் கத்தியால் கிளப்பினேன். கிழிந்து வந்தது. எட்டு மடிப்பு. பெட்டி செய்தவன் வைத்ததல்ல. பாவாடையிலிருந்து வெட்டியதுபோல் ஒரு ஓரத்தில் கையால் தைத்த கரை இருந்தது. ஓரங்களைத் துளைக்குச் சரியாக, ஒரு மயிரளவு பிசகாமல் வெட்டியிருந்தார்கள். அப்படி வெட்ட ஒரு மணி நேரமாவது ஆகும்.

அது யார் வேலை என்று அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. பதினாறாம் நாள் பெட்டியைத் திறப்பதற்கு முன்பு, மகள் தொட்ட கட்டையின் சத்தத்தைத் தன் காதால் கேட்க முடியாத தகப்பன், வேறு யாரும் பார்க்காதபோது செய்த வேலை. அவர் அதை மகனிடம் சொல்லவே இல்லை.

புரிந்தும், அந்தத் துணியைப் பூச்சி தின்ற கம்பளியோடு குப்பை டின்னில் போட்டேன். இதை மறைக்காமல் எழுதுகிறேன். மனதில் வேறு எதுவும் இல்லை, முப்பத்தொன்பது என்கிற எண் மட்டும்தான் இருந்தது. மேல் பலகையைப் பூட்டி, கடைசிக் கட்டையை அழுத்தினேன். நாற்பத்தெட்டு வருடம் காற்றே படாத ரீடு. தேய்மானமே இல்லை. அந்தப் பெட்டியிலேயே சுத்தமான சுரம் அதுதான். நான் மூன்று தடவை அழுத்திக் கேட்டேன்.

வேறு கம்பளித் துண்டு வைத்து மறுபடியும் அடைத்திருக்கலாம். பத்து நிமிட வேலை. மறுநாள் காலை பத்து மணிக்கு நாச்சிமுத்து வரும்வரை அவகாசம் இருந்தது. செய்யவில்லை. சத்தம் வந்தால் மனுஷன் சந்தோஷப்படத்தானே செய்வார் என்று நினைத்தேன்.

அவர் வந்து, உட்கார்ந்து, முப்பத்தெட்டு கட்டையையும் வாசித்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். கடைசிக் கட்டைக்குக் கையே போகவில்லை. "அதையும் பாத்துக்கங்களேன்" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். "அவளைக் கடைத் தெருவுக்கெல்லாம் கூப்பிடப்படாதுங்க" என்று சிரித்தார். கொக்கியிலிருந்த அட்டையை அவிழ்த்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

சரியாகப் பன்னிரண்டாம் நாள் அப்பாவும் மகளும் திரும்பி வந்தார்கள். ஆனால் நாச்சிமுத்துவின் கையில் பெட்டி இல்லை, தூக்குப்போசி இருந்தது. நிறையச் சர்க்கரைப் பொங்கல்.

"மேஸ்திரி, பேசிப்போட்டாளுங்க!" என்றார். கடைக்குள் ஏறும்போதே அழுதுகொண்டிருந்தார். "சனிக்கிழமை பஜனை. முதல் வரி முடிச்சு வழக்கம்போல அமுக்கறேன். கணீர்னு பேசறா. வாசிச்ச கை நின்னுபோச்சு. நாப்பத்தெட்டு வருசங்க! கோயில்ல இருந்தவங்க பூராப் பேருக்கும் கேட்டுதுங்க."

"பூராப் பேருன்னா பதினேழு பேருங்க. அப்பாவுக்கு அது பதினேழாயிரம்" என்றாள் தெய்வானை. அவளும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

நாச்சிமுத்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஊருக்குள்ள நாலு பேரு நாலு விதமாப் பேசறாங்க. நீங்க அந்தக் கட்டைல கை வெக்கலைதானுங்களே?"

முதலாளி கல்லாவில் இருந்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நாச்சிமுத்து என் முகத்தையே பார்த்தார். 'இல்லை' என்று நான் சொல்ல வேண்டும் என்று அந்த முகம் முழுக்க எழுதியிருந்தது.

"இல்லைங்க. நான் தொடவே இல்லைங்க" என்றேன்.

அவர் சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாதென்று சொன்னதாகப் பல வருடம் எனக்குள் சாதித்தேன். இந்த வயதில் அந்த வக்கீல் வேலை வேண்டாம். முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார், அதனால்தான் சொன்னேன்.

அவர்கள் போனதும் முதலாளி, "நிஜமாவா, சகாயம்?" என்று கேட்டார். "நிஜந்தானுங்க." அவர் கொஞ்ச நேரம் என் பலகையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுண்ணாம்புக் கட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுக்கவில்லை. பொங்கலை எல்லோருக்கும் இலையில் வைத்துக் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். தின்றேன்.

ஆடி பிறந்த மூன்றாம் நாள் கடை விலாசத்துக்கு எனக்கு ஒரு கார்டு வந்தது. தெய்வானை எழுதியிருந்தாள். பேசாமல் இருந்த கன்னி வாய் திறந்தால் விடை கேட்கிறாள் என்று அர்த்தமாம், அவர்கள் பங்காளிகளில் மூத்தவர்கள் கூடிப் பேசி முடிவு செய்துவிட்டார்களாம். ஒன்பது வயதில் நின்றவள் இப்போது பெரியவளாகி, புகுந்த இடம் போகக் கேட்கிறாள். ஆடிப் பதினெட்டு அன்று புதுச் சேலை, வளையல், மஞ்சளோடு பெட்டியைக் காவேரியில் விட்டு அனுப்பிவைக்கப் போகிறோம், மேஸ்திரி கட்டாயம் வர வேண்டும் என்று அப்பா சொல்கிறார் என்று எழுதியிருந்தாள்.

கார்டில் பதினொரு வரி. எத்தனை தடவை படித்தேன் என்பதற்கு மட்டும் என்னிடம் கணக்கில்லை.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். ஈரோட்டில் வண்டி மாறி, கொடுமுடி போய்ச் சேரும்வரை மனதுக்குள் வாக்கியங்களை அடுக்கினேன். ஏழு வாக்கியம் வந்தது. துணி இருந்தது. உங்கள் அப்பா வைத்தது. நான் எடுத்துவிட்டேன். இந்த மூன்று போதும், மற்ற நாலும் மன்னிப்பு.

கரையில் நல்ல கூட்டம். புதுத் தண்ணீர், செம்மண் நிறத்தில் படிக்கட்டில் பாதிவரை ஏறியிருந்தது. முளைப்பாரி விடுகிறவர்களும் தாலிக் கயிறு மாற்றிக்கொள்கிறவர்களுமாகப் படியில் கால் வைக்க இடமில்லை. ஒரு ஓரத்தில் நாச்சிமுத்துவின் ஆட்கள் ஒரு இருபது பேர். பெட்டிக்கு மஞ்சள் பூசி, அரக்குச் சேலை சுற்றி, பூச்சரம் போட்டிருந்தார்கள்.

"வந்துட்டீங்களா மேஸ்திரி! உங்களைத்தான் பாத்துட்டிருந்தேன்" என்று நாச்சிமுத்து எழுந்து வந்தார். மூன்று மாதத்தில் இளைத்திருந்தார். "பொட்டி மெதக்குமுன்னு சொல்றாங்க. மெதந்துட்டே போனா அவ தவிச்சுப் போயிருவாளுங்க. அடிப் பலகைத் திருகாணிய நீங்களே நெகிழ்த்திக் குடுத்துப்போடுங்க. ஒருக்கா தொறந்த கை, அவ பயப்பட மாட்டா."

பையில் திருப்புளி இருந்தது. எப்போதும் இருக்கும். படியில் உட்கார்ந்து சேலையை விலக்கினேன். அடிப் பலகையில் பதினான்கு திருகாணி. அவர் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். ஒன்பதாவதை நெகிழ்த்தும்போது, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"எனக்கு மனசே இல்லைங்க மேஸ்திரி. மூத்தவங்க சொல்லிப்போட்டாங்க, தட்ட முடியலை. அவ இல்லாம எனக்கு ஒரு வரிகூட முடிக்கத் தெரியாதுங்க." விலகிக் கிடந்த சேலை முந்தியைப் பெட்டிமேல் இழுத்துவிட்டார். "உங்களுக்குத்தான் பொட்டியோட உள்ளு தெரியும். நெசமாலுமே அவளேதானுங்களே பேசுனா?"

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் வாசலைத் திறந்து வைக்க முடியாது. ஏழு வாக்கியமும் நாக்கின் நுனியில் இருந்தன. பின்னால் இருபது பேர் நின்றிருந்தார்கள். இரண்டு கிழவிகள் வளையல் தட்டோடு காத்திருந்தார்கள். இவ்வளவு பேர் முன்னால் நான் யாராகத் தெரிவேன் என்று யோசித்தேன். இத்தனை நாள் கழித்து அதைத்தான் யோசித்தேன்.

"அவளேதானுங்க" என்றேன். மிச்சம் ஐந்து திருகாணியையும் நெகிழ்த்திக் கொடுத்தேன்.

அவர் பெட்டியை மடியில் வைத்து ஒரு வரி வாசித்தார். அடிப் பலகை நெகிழ்ந்திருந்ததால் பாதிக் காற்று வெளியே போனது, சுரங்கள் மூச்சு வாங்கின. கடைசிக் கட்டையை அழுத்தினார். அது மட்டும் பிசிறில்லாமல் வந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேலையோடு பெட்டியை விட்டார். இருபத்தாறு எண்ணுவதற்குள் மூழ்கிவிட்டது. திருகாணியை நெகிழ்த்தாமல் இருந்திருந்தால் கொஞ்ச தூரமாவது மிதந்திருக்கும். யாராவது நீந்திப் போய்ப் பிடித்திருக்கலாம்.

அதற்குப் பிறகு அவர் வாசிக்கவில்லை. ஈரோட்டில் ஒரு கைத்தறிச் சங்க அலுவலகத்தில் தெய்வானைக்கு வேலை கிடைத்ததும் புதுப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தாளாம். அவர் அதைத் திறக்கக்கூட இல்லை என்று வேறு ஒரு வாடிக்கையாளர் சொல்லிக் கேள்விப்பட்டேன். கொடுமுடி ஒன்றும் சீமையில் இல்லை. ஆனாலும் ஐந்து வருடத்தில் ஒரு நாள்கூட நான் போகவில்லை. அவர் இறந்துபோனார் என்று தெரிந்து நாற்பது நாள் கழித்துத்தான் ஈரோட்டுக்கு வண்டி ஏறினேன்.

மதியச் சாப்பாட்டு நேரம். அலுவலகத்துக்குப் பின்னால், நூல் மூட்டைகள் அடுக்கிய அறையில் தெய்வானை என்னை உட்காரவைத்தாள். அந்த ஏழு வாக்கியத்தையும் சொன்னேன். துணியின் எட்டு மடிப்பையும், வெட்டின நேர்த்தியையும்கூடச் சொன்னேன்.

"அந்தத் துணி என்ன நெறமுங்க?" என்றாள்.

யோசித்தேன். எவ்வளவு யோசித்தும் வரவில்லை. "பாக்கலைம்மா" என்றேன்.

"ஆத்துல வெச்சு அப்பா உங்களைக் கேட்டாருங்களா? அவளேதான் பேசுனாளான்னு?"

"கேட்டாருங்கம்மா."

அவள் ஒரு மூட்டையின் பிரிந்த நூலை இழுத்துத் திரும்பச் செருகினாள். பிறகு பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"அப்பா இருக்கறப்ப வந்து சொல்லியிருந்தா, உங்களை நாலு வார்த்தை வஞ்சிருப்பாரு. அப்பறம் தாத்தா பண்ணுனதை நெனச்சு ஒரு நாள் பூரா அழுதிருப்பாரு. மக்யா நாளு அந்தப் புதுப் பொட்டியத் தொறந்து, கடைசிக் கட்டைல துணிய அடைச்சு வாசிச்சிருப்பாருங்க. அவருக்கு அது போதும். அஞ்சு வருசம் அவரு ஈசிச்சேர்ல கையக் கட்டிட்டு உக்காந்திருந்ததை நான் பாத்தேன். அதை அவரு அக்காளை அனுப்புன துக்கமுன்னு நெனச்சுட்டிருந்தேன். இப்ப வந்து எங்கிட்ட எறக்கி வெச்சுட்டீங்க. உங்களுக்கு லேசாயிருக்கும். நான் இதை ஆருகிட்டங்க சொல்றது?"

மணி அடித்தது, மற்றவர்கள் வேலைக்குத் திரும்பத் தொடங்கினார்கள். அவள் எழுந்து மூலையிலிருந்த குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

"வெயில்ல வந்திருக்கறீங்க. குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் நோட்டை விரித்தாள்.

நான் அந்தத் தண்ணீரைக் குடித்தேன்.